பட்டில் சுற்றிய மரவட்டைகள்

இந்தத் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் என் அனுபவங்களைச் சொல்லச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவன் வாயைத் திறந்தால் தன் வெற்றிகளைத்தான் அடுக்குவான் என்ற பயம் உங்கள் முகத்தில் தெரிகிறது. பயப்படாதீர்கள். என் வெற்றிகள் எல்லாம் மின்சாரம் ஒழுங்காக வந்த நாட்களில் நடந்தவை. அவற்றில் என் பங்கு குறைவு. தோல்விகள்தான் முழுக்க என் சொந்தத் தயாரிப்பு. அவற்றில் முதல் தரமான ஒன்றை எடுத்து வைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். இயற்பியலில் பட்டம் வாங்கிக்கொண்டு உலகத்தைத் திருத்தப் புறப்பட்ட நான், காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ரேடியோ பட்டறை வரைக்கும்தான் போய்ச் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் நயினார் என்பார்கள். பக்கத்துக் கிராமத்துச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். பட்டு உடுத்த மாட்டார்; கூட்டோடு புழுவைக் கொதிநீரில் போட்டுத்தானே நூல் எடுக்கிறார்கள் என்பார். பட்டு நெய்து பிழைக்கிற ஊரில் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அத்தனை பேருக்கும் ரேடியோ விற்ற மனிதர்.

எனக்கு அப்போது ஒரு தெய்வம் இருந்தது. அது ஜப்பானில் இருந்தது. மெட்ராஸ் நடைபாதையில் வாங்கிய பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அவருடைய கதை வந்திருந்தது. கடலோர ஊரில் ஒரு கொல்லரின் மகன். காது மந்தமான அக்காவுக்காகச் சட்டைப்பையில் அடங்கும் கேட்புக் கருவி செய்ய ஆரம்பித்தவர். போர் முடிந்து ஊர் சாம்பலாகக் கிடந்தபோது, ராணுவம் போட்டுவிட்டுப் போன கம்பிகளை உரித்து ரேடியோ செய்தவர். அப்புறம் டிரான்சிஸ்டர், அப்புறம் மேசைமேல் வைத்துக் கணக்குப் போடும் கால்குலேட்டர் பெட்டி என்று போய்க்கொண்டே இருந்தார். படத்தில் காதுக்கு மேல் ஒரு பென்சில் சொருகியிருந்தார். மறுநாளே நானும் சொருகினேன். குனியும்போதெல்லாம் அது ரேடியோவுக்குள் விழும். அவர் தொழிற்சாலை மேசைமேலேயே தூங்குவார் என்றும் எழுதியிருந்தது. அதையும் பின்பற்றினேன்.

“அவுரு ராவெல்லாம் வேலை செஞ்சிட்டுத் தூங்கியிருப்பாரு,” என்றார் நயினார். “நீ காலையில எழுந்ததுக்கே தூங்கறியேபா.”

ரேடியோ வியாபாரம் மெலிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் மெட்ராஸ் ஏஜெண்ட் ஒருவர் அந்த ஜப்பான்காரரின் கம்பெனி ஐ.சி.க்களை ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தார். கணக்குப் பெட்டிக்கு மூளை அதுதான். நாங்கள் சோதனைக்குச் சில பெட்டிகளைப் பொருத்திக் காட்ட வேண்டும். நன்றாக ஓடினால் அந்த வேலை நிரந்தரமாக எங்களுக்கு. இல்லையென்றால் பட்டறையை மூடிவிட்டு ஊர் நிலத்தில் வேர்க்கடலை போடப் போகிறேன் என்று நயினார் சொல்லிவிட்டார்.

ஐ.சி.க்கள் ஒரு கறுப்பு ரப்பர் பஞ்சில் கம்பிக் கால்களைக் குத்தி வரிசையாக நின்றன. எங்கள் பட்டறையில் சால்டரிங் வேலை செய்த கன்னியம்மா எட்டிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, மரவட்டையப் புடிச்சிக் குத்தி வெச்சிருக்கிறாங்க.”

அன்றிலிருந்து அதற்குப் பெயர் மரவட்டைதான். ஐப்பசி மழையில் முதல் மரவட்டையைக் கன்னியம்மா பற்றவைத்தார். பெட்டி உடனே ஓடியது. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் பச்சை வெளிச்சத்தில் வந்து நின்றன. நயினார் எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம்.

என்னை உறுத்தியது அந்தக் கறுப்புப் பஞ்சு. கரி பூசினாற்போல் அழுக்காக இருந்தது. என் தெய்வம் செய்த பொருளைக் கரித்துணியில் வைப்பதா? எங்கள் தெருவில் தறியில் பாவு நூல் முடியும்போது வெட்டிப்போடும் பட்டுத் துண்டு வேண்டிய மட்டும் கிடைக்கும். பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொரு மரவட்டையையும் தனித்தனியாகப் பட்டில் துடைத்து, பட்டிலேயே சுற்றி வைத்தேன்.

“தம்பி, பட்டு இங்க வோணாம்பா,” என்றார் நயினார்.

“ஏங்கய்யா, இதைவிட சுத்தமான துணி ஏது?”

“சுத்தம்தான். உள்ள இருந்த புழு எங்க?”

“ஐயா, இது சயன்ஸ். பட்டு மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது. நான் படிச்சிருக்கேன்.”

“படிச்சிருக்கிறியா. அப்போ சரி,” என்று போய்விட்டார்.

இதில் கொடுமை என்னவென்றால், நான் உண்மையிலேயே படித்திருந்தேன். கண்ணாடிக் கோலைப் பட்டால் தேய்த்தால் இரண்டிலும் மின்னேற்றம் வரும், காகிதத் துணுக்குகள் எகிறி வந்து ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் இந்த வித்தையைச் செய்துகாட்ட என்னைத்தான் கூப்பிடுவார்கள். டியூஷன் பிள்ளைகளுக்கும் செய்துகாட்டியிருக்கிறேன். அதற்கான பட்டுத்துண்டு எங்கள் வீட்டுத் தறியிலிருந்துதான் போனது. அப்படி ஏறும் மின்னேற்றம் நம் விரலுக்குத் தெரியக்கூடத் தெரியாது; அந்தக் காலத்து ஐ.சி.க்கு அது இடி. அந்த இடியை வடித்துவிடத்தான் கம்பெனிக்காரன் கறுப்புப் பஞ்சில் கரி கலந்து கொடுத்திருந்தான். உங்களுக்கு இதையெல்லாம் முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை என்று தப்பிக்கவும் வழியில்லை. பாதியை நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பாடத்தில் வரும் பட்டு வேறு, பட்டறைப் பட்டு வேறு என்று என் மூளை நடுவில் ஒரு சுவரெழுப்பி வைத்திருந்தது.

முதல் பெட்டியைக் கறுப்புப் பஞ்சும் மழைக்காலத்து ஈரக் காற்றும் காப்பாற்றியிருந்தன. மற்ற உதிரிகள் வந்துசேரத் தாமதமாகி, பாக்கி வேலை சித்திரையில் வந்தது. வெயில் ஏறினால் நூல் காய்ந்து அறுந்துபோகும் என்று நெசவாளர்கள் தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். காற்று அவ்வளவு வறண்டு கிடந்தது. நான் அந்த ஈரத் தரையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்கு நடந்தேன்.

இரண்டாவது பெட்டியில் எல்லா இடத்திலும் எட்டு எட்டாக எரிந்து அப்படியே நின்றது. மூன்றாவது எரியவே இல்லை. கால்களில் தூசு இருக்கும் என்று முடிவுகட்டி, அடுத்ததை இன்னும் அழுத்திப் பட்டால் தேய்த்தேன். அது இன்னும் சுருக்காகச் செத்தது. அதற்கடுத்ததைப் பளபளவென்று ஆகும்வரை தேய்த்தேன். காரணத்தையே மருந்தாகக் கொடுத்துக்கொண்டிருந்த வைத்தியன் நான்.

முதலில் மின்வாரியத்தைக் குறை சொன்னேன். பிறகு வெயிலை. கடைசியில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஆளுக்கு வந்தேன்.

“உங்க கை கனமா இருக்குதுமா. சூடு ஜாஸ்தி குடுக்கறீங்க. அதான் சாவுது.”

கன்னியம்மா சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தார். “மழையில செஞ்ச மொதல் பொட்டி ஓடுதே. அதுவும் இந்தக் கைதான சார்?”

“அது அதிர்ஷ்டம்.”

“ஓடினது அதிர்ஷ்டம், செத்தது என் கையி. நல்லா பங்கு பிரிக்கிறீங்க சார்.”

அவர் சின்ன காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். தறியில் பழைய பாவு தீரும்போது புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழையதன் நுனியோடு முறுக்கி இணைப்பார்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் அதைச் செய்துகொண்டிருந்தவர். அந்த விரல்களுக்கு ரேடியோ கம்பி ஒரு பொருட்டே இல்லை. வீட்டில் பெரிய சண்டை போட்டுத்தான் எங்கள் பட்டறைக்கு வந்தார். வேலை போனால் திரும்பவும் மாமியார் பக்கத்தில். “‘இடத்தக் கூட்டி வெச்சிருக்கிறேன், எப்ப வேணா வாடி’ன்னு மாமியார் சொல்லிக்கினே இருக்கிறாங்க,” என்பார். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், காரணம் கேட்ட நயினாரிடம் அவர் பெயரைச் சொன்னேன். “நீ படிச்சவன், உனக்குத்தான் தெரியும்,” என்றார் நயினார், மனசில்லாமல். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று கன்னியம்மாவிடம் நான்தான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை ஜப்பான்காரரே வந்துவிட்டார். மெட்ராஸுக்கு வியாபாரமாக வந்தவர், மனைவிக்குக் கோயிலையும் தறியையும் காட்டக் காஞ்சிபுரம் வருகிறார், அப்படியே பட்டறைக்கும் வருவார் என்று ஏஜெண்ட் சொல்லி அனுப்பியிருந்தார். தெய்வமே நேரில் வரும்போது சாதாரண வேட்டியா? அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, காதுக்கு மேல் பென்சில் என்று போய் நின்றேன். நயினார் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

ஏஜெண்ட் முன்னாலேயே ஓடி வந்து காதில் சொன்னார்: “மிஸ்டர், ஓடற பொட்டிய மட்டும் மேசை மேல வையுங்க. செத்ததப் பத்தி மூச்சு விடாதீங்க.”

சரியென்று தலையாட்டினேன்.

ஜப்பான்காரர் சின்ன உருவம். மனைவியைக் கோயிலில் விட்டுவிட்டு வந்திருந்தார். காதில் பென்சில் இல்லை. அடக்க முடியாமல் அதைத்தான் முதலில் கேட்டேன். அது புகைப்படக்காரர் சொருகியது, எடுத்து முடித்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார் என்றார். என் பென்சிலை எடுத்து ஜேபியில் போட்டேன்.

ஓடுகிற பெட்டியில் நாலு பொத்தான் அழுத்திப் பார்த்தார். “நல்லது,” என்றார், பக்கத்து வீட்டுக் குழந்தை எண் சொல்வதைக் கேட்டவர்போல. பிறகு மற்றவை எங்கே என்றார். ஏஜெண்ட் என் காலை மிதித்தார்.

நான் உண்மையைச் சொன்னேன். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சலிப்பான ‘நல்லது’ என்னைச் சுட்டுவிட்டது. மற்றவை எல்லாம் செத்துவிட்டன, உங்கள் சரக்கு சரியில்லை, எங்கள் பக்கம் அந்த அம்மாவின் கையும் சரியில்லை என்று ஆங்கிலத்தில் பொரிந்துவிட்டேன். ஏஜெண்ட், சோடா குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனவர் திரும்பவே இல்லை. ஆங்கிலம் புரியாத கன்னியம்மா, நான் தன்னைக் கைகாட்டியதை மட்டும் பார்த்தார்.

ஜப்பான்காரருக்கு முதல் தடவையாக முகத்தில் உயிர் வந்தது. எப்படி வைத்திருந்தீர்கள் என்றார். செத்தவற்றைக் கழற்றி வைத்திருந்த மூட்டையைப் பெருமையாக அவிழ்த்தேன். பட்டுக்குள் பட்டாகச் சுற்றிய, செத்த மரவட்டைகள்.

அவர் துணியை விரலால் வருடினார். என் வேட்டியைப் பார்த்தார். மேசைமேல் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தைக் கிழித்துப் பொடிப்பொடியாகத் தூவினார். பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைப் பட்டால் நாலு தேய் தேய்த்து, காகிதத்துக்கு மேலே கொண்டுபோனார்.

துணுக்குகள் எகிறி ஒட்டிக்கொண்டன.

எத்தனை முறை நான் செய்துகாட்டிய வித்தை. கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். தலைக்குள் இருந்த சுவர் அங்கேயே இடிந்தது. உட்கார நாற்காலி தேடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெல்ல மெல்ல ஒன்றைச் சொன்னார்.

இந்த வகை ஐ.சி. செய்ய ஆரம்பித்தபோது, அவர் மலையடிவாரத்துப் பட்டு ஊர் ஒன்றில்தான் தொழிற்சாலை வைத்தாராம். நூல் இழைக்கும் ஆலைகள் அங்கே மூடிக்கொண்டிருந்தன. நல்ல விரல் உள்ள பெண்கள் வேலைக்குக் கிடைத்தார்கள். குளிர்காலம் வந்ததும் ஐ.சி.க்கள் காரணமில்லாமல் சாக ஆரம்பித்தன. இவர் விசாரித்து, இரண்டு பெண்களின் கவனக்குறைவு என்று தீர்ப்புச் சொல்லி, வருஷப் பிறப்புக்கு முன்னால் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சாவு நிற்கவில்லை. ஒருநாள் இவரே தன் பட்டு உள்சட்டையைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறந்தது. அந்த ஊரில் குளிருக்கு எல்லோரும் உள்ளே பட்டுத்தான் உடுத்துவார்கள். எல்லோரும் என்றால் அவரும்தான். இரண்டு பெண்களின் வீட்டுக்கும் போனார். ஒருத்தி திரும்பி வந்தாள். இன்னொருத்தி கதவைச் சாத்திவிட்டு, பிறகு தொழிற்சாலை வாசலுக்கு எதிரிலேயே நூடுல்ஸ் கடை போட்டாள். வாரம் தவறாமல் அங்கே சாப்பிடப் போகிறாராம்.

“எனக்கு மட்டும் குறைவாக வைக்கிறாள். கேட்க எனக்குத் தைரியம் இல்லை,” என்றார். பிறகு கன்னியம்மா பக்கம் கைகாட்டி, “நீ இவளைத்தான் சொன்னாயா?” என்றார்.

“இன்னா சார் சொல்றாரு?” என்றார் கன்னியம்மா.

“அவங்க ஊர்ல குளிர் ஜாஸ்தியாம்,” என்றேன்.

ஜப்பான்காரர் என்னைப் பார்த்தார். அவ்வளவு நீளக் கதை இத்தனை சின்ன மொழியில் அடங்குமா என்று யோசித்திருப்பார்.

“இத்தினி நேரம் குளிரப் பத்தியா பேசினாரு? என்னை வேற காட்டிக் கேட்டாரே.”

நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். இயந்திரம் சாவது பெரிய நெருக்கடி இல்லை. நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டால் காரணம் கிடைத்துவிடும். கிடைத்த காரணம் நாமாகவே இருந்து, அது அந்த அறையில் நமக்கு மட்டும் தெரிந்திருக்கிறதே, அந்த இரண்டு நிமிடம்தான் இந்தத் தொழிலில் கஷ்டமான நேரம். இரண்டு மொழியும் தெரிந்தவன் அங்கே நான் ஒருவன். விருந்தாளிக்கு ஒரு கதை, வீட்டாருக்கு ஒரு கதை சொல்லி இரண்டு பக்கமும் நல்ல பெயரோடு வெளியே வந்திருக்கலாம். என்னால் முடியாமல் போனதற்குக் குணம் காரணமில்லை. கன்னியம்மா பதிலுக்குக் காத்திருந்தார், ஜப்பான்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நடுவில் நல்ல பொய் ஒன்றும் அகப்படவில்லை.

முழுசாகச் சொன்னேன். பட்டு, கறுப்புப் பஞ்சு, அந்த இரண்டு பெண்கள், கதவைச் சாத்தியவள் எல்லாம். நூடுல்ஸ் என்றால் தெரியாது என்று சேமியா என்று சொன்னேன். உங்க கைல ஒரு தப்பும் இல்லைமா, எல்லாம் என் பட்டு பண்ண வேலை என்றும் சொன்னேன்.

கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த சேமியாக் கடைக்காரம்மா செஞ்சது சரி,” என்றார்.

ஜப்பான்காரர் தன் தோல்பையிலிருந்து புது ஐ.சி. ஒன்றைக் கறுப்புப் பஞ்சோடு எடுத்துக் கன்னியம்மாவிடம் நீட்டினார். கொடுக்குமுன், தன் உடம்பில் ஏறிய மின்னேற்றம் வடிய ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டார். நயினார் அது ஏதோ அவர்கள் ஊர் வழிபாடு என்று நினைத்துக் கைகூப்பினார். பிறகு ஒரு செம்புக் கம்பியைக் கன்னியம்மாவின் மணிக்கட்டில் வளையமாகச் சுற்றி, நடுவில் ஒரு ரெசிஸ்டர் வைத்து, மின்னேற்றம் மண்ணுக்குள் இறங்கும்படி மறுமுனையை முற்றத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டினார்.

“இன்னா சார், திருவிழாவுக்குக் காப்பு கட்டறாரா? இனிமே நான் ஊரைத் தாண்டக் கூடாதா?”

அடுத்து அவர் என் வேட்டியைச் சுட்டி, வாசலைச் சுட்டினார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பட்டறையின் ஒரே விஞ்ஞானி வாசல்படிக்கு வெளியே போய் நின்றேன். பக்கத்தில் நயினார் வந்து நின்றார்.

“இன்னாபா, பட்டுதான் காரணமா?”

“ஆமாங்கய்யா. நீங்க அன்னிக்கே சொன்னீங்க.”

“நான் புழுவுக்காகச் சொன்னேன்பா,” என்றார், கொஞ்சம் குழம்பிப்போய். “இந்த மரவட்டைக்கும் ஆவாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

உள்ளே கன்னியம்மா குனிந்து ஒவ்வொரு காலாகப் பற்றவைத்தார். அவசரமே இல்லை. முடித்ததும் ஜப்பான்காரர் சுவிட்சை அவர் பக்கமே தள்ளினார். பச்சை வெளிச்சம் வந்தது. கன்னியம்மா ஏதோ ஒரு பெருக்கலைத் தட்டி, விரல்விட்டும் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு, “சரியாதான் சொல்லுது,” என்றார். பட்டறை பிழைத்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜப்பான்காரர் நயினாரிடம் கைகுலுக்கிய விதத்திலேயே அது இருந்தது.

கன்னியம்மா மணிக்கட்டுக் கம்பியை அவிழ்த்தார். கை கழுவினார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“வரேன் சார்.”

“எங்க போறீங்க?”

“திங்கக்கிழமைலருந்து வர வேணாம்னீங்களே. இன்னிக்கிக் கணக்கு முடிஞ்சிது.”

ஜப்பான்காரர் பின்னாலேயே வந்து நின்றார். அவள் என்ன சொல்கிறாள் என்றார். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். இவரை வேலையை விட்டு நிற்கச் சொல்லியிருந்தேன், அதைச் சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் தெய்வத்திடம் நான் பேசிய வாக்கியங்களிலேயே இலக்கணப் பிழை இல்லாதது அதுதான். அவர் எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“திங்கக்கிழமை வாங்கம்மா,” என்றேன்.

“யார் சொல்றது? அவரா, நீங்களா?”

“நான்தான்.”

“மறுபடியும் செத்துதுன்னா?”

“மொதல்ல என்னைக் கேளுங்க.”

கன்னியம்மா டப்பாவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

“வரேன். நீங்க இந்த வேட்டியோட மட்டும் வந்துடாதீங்க.”

நயினார் திரும்பி நின்று இருமினார். ஜப்பான்காரர் என் தோளைத் தட்டி, என்ன சொன்னாள் என்றார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.